இசை மாணவரின் மேசையில் இருக்க வேண்டிய நூல்கள்

கர்நாடக இசையைப் பட்டப்படிப்பாகப் பயில்பவர் பாடிக் காட்டவும் வேண்டும், இசை இலக்கணமும் வரலாறும் எழுதவும் வேண்டும். பாட்டுக்கு ஆசிரியர் உடனிருக்கிறார். எழுத்துத் தேர்வுக்குப் பெரும்பாலும் நூலே துணை. அந்தத் துணைநூல்கள் காதுக்கும் மூலநூலுக்கும் வழிகாட்டுகின்றனவா என்பதே என் கேள்வி.

இவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த பி. சாம்பமூர்த்தி ஆங்கிலத்தில் எழுதிய ஆறு தொகுதி 'சவுத் இந்தியன் மியூசிக்'. எளியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் அதன் அமைப்பு இன்றும் பயன் தருகிறது. தமிழ்க் கையேடுகள் பல இத்தகைய செய்திகளை வினா விடையாகச் சுருக்கித் தருகின்றன. சுருக்கும்போது காரணங்கள் உதிர்ந்துவிடுகின்றன.

கடபயாதி சூத்திரத்தையே பாருங்கள். மேளகர்த்தா ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களைத் திருப்பிப் போட்டால் மேள எண் கிடைக்கும். கரகரப்பிரியாவின் முதல் எழுத்தைத் தமிழில் உள்ளபடி 'க' என்று கொண்டால் மதிப்பு 1. அடுத்த 'ர' 2. திருப்பினால் 21, அது கீரவாணி. வடமொழியில் அந்த எழுத்து வர்க்கத்தின் இரண்டாம் ககரம், மதிப்பு 2. எனவே சரியான விடை 22. தீரசங்கராபரணத்திலும் இதே சிக்கல்: தமிழ்த் தகரத்தை முதல் தகரமாகக் கொண்டால் 29க்குப் பதில் 26 வரும், சாருகேசியில் போய் நிற்போம். தமிழில் எழுதப்படும் கையேடு வர்க்க எழுத்துகளை அட்டவணையாகத் தந்தே தீர வேண்டும்.

சுரக்குறிப்பிலும் இப்படி ஒரு குறை. தோடியின் காந்தாரத்தை 'க' என்று மட்டும் எழுதினால் அதன் அசைவு தெரியாது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்குத் தனிக் குறிகளே உண்டு. சாதாரணப் பாடநூல்களில் அந்தக் கவனத்தைக் காண்பது அரிது.

வரலாற்றுப் பாடத்திலோ ஒரு தரப்பே தீர்ப்பாகிவிடுகிறது. ஒரு தாயிக்கு 22 சுருதி என்று மனப்பாடம் செய்கிற மாணவருக்கு, தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வழியாக அதை மறுத்து 24 என்று வாதிட்டதும் தெரிய வேண்டும். விபுலாநந்தரின் 'யாழ் நூல்' (1947) சிலப்பதிகார அரங்கேற்று காதையிலிருந்து பழந்தமிழ் யாழையும் பண்ணையும் மீட்டெடுக்க முயன்றது. வீ.ப.கா. சுந்தரத்தின் 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்' சொற்பொருள் தேட உதவும். கலைஞர் வாழ்க்கைக்கு உ.வே.சா. எழுதிய கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாறுகளும், நாகசுர மரபுக்கு பி.எம். சுந்தரத்தின் 'மங்கல இசை மன்னர்கள்' நூலும் உண்டு. புதுக்கோட்டைக் குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டைப் படத்தோடு பாடத்தில் சேர்த்தால், சுரங்களை எழுதிவைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பது மாணவருக்கு விளங்கும்.

இனி வரும் கையேடு மூன்றைச் செய்யட்டும். ஒவ்வோர் இலக்கணக் கூற்றுக்கும் கேட்கத்தக்க ஒலிப்பதிவைச் சுட்டட்டும். கருத்து மாறுபாடு உள்ள இடத்தில் இரு தரப்பையும் வைக்கட்டும். மூலநூலின் அதிகாரத்தைக் குறிக்கட்டும். அந்தத் துணையோடு படித்தவர் தேர்வில் மதிப்பெண் பெறுவார்; தேர்வு முடிந்த பிறகும் தம் செவியையும் மூலநூலையும் நம்பித் தொடர்ந்து கற்பார்.