கறுப்புக் கட்டம்

தென்காசிப் பக்கம் கருமாதிப் பத்திரிகைக்குக் கறுப்புக் கட்டம் போடுகிறார்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். சம்பிரதாயம் என்கிறோம். நம் துக்கத்தின் நிறம் வெள்ளை. இந்தக் கறுப்பு விக்டோரியா காலத்துத் துக்கக் கடிதத்தாளின் ஓரம். 1861ல் கணவர் இறந்ததிலிருந்து 1901ல் தான் சாகும்வரை ராணி கறுப்பே உடுத்தினாள். சாவு வீட்டில் கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடிய சமூகம் அது. நெல்லைச் சீமையின் பேய் வழிபாட்டை 1849ல் கால்டுவெல் சாடியதும் அதே காலத்தில்தான். கட்டத்தையும் 'மூடநம்பிக்கை' என்ற மிடுக்கையும் ஒரே பார்சலில் வாங்கிக்கொண்டோம்.

இந்த மிடுக்கோடு குற்றாலக் குறவஞ்சிக்கு வரும் நம் விமர்சகர், சிங்கி கைபார்க்கும் இடத்தை 'அக்கால மக்களின் நம்பிக்கைகள்' என்று தலைப்பிட்டுக் கடந்துவிடுகிறார். (ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இதில் முந்தி, மாக்பெத்தின் சூனியக்காரிகளிடம் மட்டும் இவர்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாது.) தோழியிடம் சொல்லிவிட்ட காதலைக் குறத்தியிடம் மறைக்கிறாள் வசந்தவல்லி. சினக்கிறாள், சோதிக்கிறாள், உண்மை வெளிப்பட்டதும் நாணுகிறாள். இது நாடகம். திரிகூடராசப்பக் கவிராயர் பல்லி சொல்லும் பலனை நம்பினாரா என்பது இங்கே கேள்வியே அல்ல. சிங்கி மேல் கிடக்கும் நகைகள் குறிக்குக் கிடைத்த கூலி; அவற்றைக் கண்டு சிங்கன் மிரள்வதில்தான் பின்பாதியின் சிரிப்பு முழுதும் இருக்கிறது.