ஏற்றத்தில் செலவு, இறக்கத்தில் வரவு: மின்சார காரில் தனியாக நீலகிரி

காலை ஆறே முக்கால் மணி. மேட்டுப்பாளையத்தில் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். பேட்டரி 88 சதவீதம். இன்னும் 212 கிலோமீட்டர் ஓடுமாம். குன்னூர் வழியாக ஊட்டிக்கு மிச்சம் இருப்பதோ 51 கிலோமீட்டர். திரையை நம்பினால் ஊட்டிக்குப் போய், இறங்கி வந்து, மறுபடியும் ஏறி, அங்கே ஊரையும் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் எதிரே நின்ற மலை எனக்குத் தெரிந்தது; திரைக்குத் தெரியவில்லை.

கோவையில் கிளம்பி ஊட்டி, கூடலூர், வயநாடு, குடகு என்று மூன்று நாள் தனிப் பயணம். இதில் முதல் நாளைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். பயணத்தின் கடுமையான ஏற்றமும் நீளமான இறக்கமும் அந்த ஒரே நாளில் வந்துவிட்டதால், காரின் குணம் முழுக்கத் தெரிந்ததும் அன்றுதான்.

கார் எப்படி?

கார் மச்சானுடையது. இரண்டு வயசு, சிறிய ரகம், முன்சக்கர இயக்கம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே சொல்பவை அந்த ஒரு மாடலோடு முடிபவை அல்ல. நடுத்தர விலையில் வரும் மின்சார கார்கள் பலவற்றுக்கும் பொருந்துபவை. பேட்டரி 30 யூனிட் பிடிக்கும். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் மணி. நானும் என் பையும் சேர்ந்து மொத்த எடை ஏறக்குறைய 1,500 கிலோ.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு சின்னத் துடுப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தட்டினால் 'ரீஜென்' 0 முதல் 3 வரை மாறும். சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் விளக்கு எரியும், மிதிப்பதும் கனக்கும். அதேதான் இங்கேயும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் டைனமோவாகி வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது; அப்படிப் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறது. 3-இல் வைத்தால் இழுவை அதிகம். 0-இல் வைத்தால் நியூட்ரலில் உருளுவது போல இருக்கும்.

சாவியைக் கொடுக்கும்போது மச்சான் சொன்னது ஒன்றுதான். "மாப்ளை, எத்தனை கிலோமீட்டர்னு காட்டுறதைப் பார்க்காதீங்க. பர்சென்ட்டை மட்டும் பாருங்க."

ஏற்றம்

நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். முந்தைய நாளே எடுத்து வைத்திருந்தேன். சோதனைச் சாவடியில் க்யூஆர் கோடைக் காட்டிவிட்டு, பிளாஸ்டிக் பாட்டில் இல்லை என்றும் சொல்லிவிட்டுக் கல்லாறு தாண்டினேன். மலை ரயிலுக்குப் பல்சக்கரம் தேவைப்படுவதும் கல்லாற்றிலிருந்துதான். குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி என்று தண்டவாளம் ஏறுகிறது. சாலைக்கோ குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள்.

காருக்கு முதல் நல்ல மதிப்பெண் கிடைத்தது இந்த வளைவுகளில். மூன்றாவது வளைவில் எனக்கு முன்னால் ஓர் அரசுப் பேருந்து, அதற்கு முன்னால் மூச்சு முட்டி நின்ற ஒரு சுற்றுலா வேன். கிளட்ச் கருகும் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. பெட்ரோல் காராக இருந்தால் அந்தச் சரிவில் கிளட்ச், ஹேண்ட்பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று கைகால்கள் நான்கும் கச்சேரி செய்திருக்கும். இதில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொட்டேன்; ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கிடைப்பது மின்மோட்டாரின் பிறவிக் குணம்.

இன்னொன்றும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், 1,000 மீட்டர் ஏறினால் தன் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். மின்மோட்டாருக்குக் காற்று வேண்டியதில்லை. அதற்குக் கல்லாறும் ஒன்றுதான், ஊட்டியும் ஒன்றுதான்.

திரை காட்டிய பயம்

குன்னூரில் நிறுத்தியபோது பேட்டரி 56 சதவீதம். மிச்ச தூரம் 74 கிலோமீட்டர் என்றது திரை. ஓடியது சுமார் 33 கிலோமீட்டர்தான்; திரையில் குறைந்ததோ 138 கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் யாராவது இருந்திருந்தால் "என்னங்க இது?" என்று கலவரமாகியிருப்பார்கள். தனியாக வந்ததால் கலவரமும் நானே, சமாதானமும் நானே.

காரில் கோளாறு எதுவும் இல்லை. கடைசியாக ஓடிய தூரத்தில் எவ்வளவு செலவானதோ, இனியும் அப்படியே செலவாகும் என்று திரை நினைத்துக்கொள்கிறது. சமவெளியில் அந்தக் கணக்கு சரி. மலையில் தூரத்தைவிட உயரமே பேட்டரியைத் தின்கிறது. 1,500 கிலோ எடையை 100 மீட்டர் தூக்க 0.41 யூனிட் ஆகும். மோட்டாரிலும் கம்பிகளிலும் வீணாவதைச் சேர்த்தால் அரை யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஆக, தூக்குகூலி மட்டுமே சுமார் 9 யூனிட். சாலையில் உருளும் செலவு 4 யூனிட்டைச் சேர்த்தால் 13.

ஊட்டி சேர்ந்தபோது பேட்டரி 45 சதவீதம். 88-இலிருந்து 45 என்றால் 12.9 யூனிட். கணக்கு பொய்க்கவில்லை. இதே மலையில் மேலும் 200 கிலோ, அதாவது மூன்று பேர், ஏறியிருந்தால் கூடுதலாக ஒரு யூனிட் போயிருக்கும். தனியாகப் போவதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

நடுவில் குன்னூரில் ஒரு சார்ஜிங் நிலையத்தைக் குறித்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் சார்ஜருக்கு முன்னால் ஒரு பெட்ரோல் கார் நின்றது. "அவரு டிபன் சாப்பிட்டுட்டு இருக்காருங்க சார், வந்துருவாரு" என்றார் காவலாளி. இருபது நிமிடம் நின்றேன். டிபன் முடிகிற வழியாக இல்லை. ஆப்பில் ஓடிபி வருவதற்கான சிக்னலும் இல்லை. கணக்கு கையில் இருந்ததால் பதறாமல் ஊட்டிக்கு விட்டேன். கணக்கு தெரியாதவர் அந்த 74-ஐப் பார்த்துப் பயந்து அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

ஊட்டியில் நான் செய்த தப்பு

ஊட்டியில் சார்ஜர் காலியாக இருந்தது. 25 கிலோவாட் வேகம். அரை மணி நேரத்தில் 80 சதவீதம் வந்துவிடும். செருகிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பாடு, பிறகு ஒரு காபி, குளிருக்கு இதமாகக் கொஞ்சம் வெயில். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தபோது 97 சதவீதம். பெருமையாக மச்சானுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"ஐயோ மாப்ளை, மலை மேல ஃபுல் பண்ணக் கூடாதுங்க. இறங்கும்போது வர்ற கரண்ட்டை எங்க வைப்பீங்க?"

நிறைகுடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. தலைகுந்தா வரை இறங்கும் சாலையில் அது காலுக்குத் தெரிந்தது. ரீஜெனை 3-இல் வைத்தும் இழுவையே இல்லை. 'ரீஜென் குறைக்கப்பட்டுள்ளது' என்று திரையில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி வேகம் பிடிக்கிறது. சாதா காரைப் போல ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. பெட்ரோல் காரிலாவது கியரைக் குறைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இதில் குறைக்கக் கியரும் இல்லை. இந்தச் சாலை மிதமான சரிவு என்பதால் தப்பித்தேன். முழு சார்ஜோடு நேராகக் கோத்தகிரி இறக்கத்தில் இறங்கியிருந்தால் பிரேக் கட்டைகள் பாவம்.

இறக்கம்

பைக்காராவைத் தாண்டி நடுவட்டம் வரை சாலை ஏறியும் இறங்கியும் போகிறது. இரண்டு பக்கமும் தைல மரங்கள், இடையிடையே தேயிலை. நடுவட்டத்தில் பேட்டரி 88 சதவீதம். மூடுபனி சாலையில் இறங்கியிருந்தது. இனி கூடலூர் வரை தொடர்ந்து இறக்கம்தான். ஊட்டியிலிருந்து கூடலூருக்கு மொத்தம் 50 கிலோமீட்டர். உயரத்தில் 1,100 மீட்டருக்கு மேல் குறைகிறது.

'ஏறுற கியரிலேயே இறங்கு' என்பது மலைச்சாலை டிரைவர்களின் பால பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். கியர் இல்லாத காருக்கு ரீஜென்தான் கியர். இப்போது குடத்தில் இடம் இருந்ததால் அது முழு பலத்தோடு வேலை செய்தது. நேர்ச் சரிவில் 3, வளைவு அகலமாக இருந்தால் 2. ஈரமான கூர் வளைவிலும் 2-தான் நல்லது, ஏனென்றால் முன்சக்கர இயக்கக் காரில் அதிக ரீஜென் முன்சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கும். ஈரத்தில் அது சறுக்கலாம்.

ஊசிமலையைத் தாண்டும்போது திரையைப் பார்த்தேன். 91. கூடலூர் ஊருக்குள் நுழையும்போது 93. நடுவட்டத்திலிருந்து கூடலூர் வரை நான் பிரேக்கை அழுத்தியது பத்து தடவைக்கும் குறைவு. அதிலும் இரண்டு குரங்குகளுக்காக. காரை நிறுத்தி, சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டு போனேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஊட்டியிலிருந்து 50 கிலோமீட்டருக்கு ஆன செலவு 4 சதவீதம்.

இந்தக் காரில் நான் அறிந்துகொண்ட பெரிய விஷயம் இதுதான். மின்சார காரை மலைக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் "ஏறுமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஏறுவதில் சந்தேகமே வேண்டாம். மலையில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இறக்கம். அங்கேதான் இந்தக் கார் பெட்ரோல் காரைவிட ஒரு படி மேலே நிற்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பேட்டரியில் காலி இடம் இருக்கும் வரைதான்.

தனியாகப் போகிறவர் கவனிக்க

சத்தமில்லாத கார் மலையில் வரமும் சாபமும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மேல் வளைவில் வரும் லாரியின் சத்தம் முன்கூட்டியே கேட்கிறது. ஆனால் சாலையோரம் நடப்பவருக்கு நாம் வருவது கேட்பதில்லை, விலங்குகளுக்கும் அப்படித்தான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டியிருக்கிறது.

மூடுபனியில் கண்ணாடி வியர்த்தது. ஏசியின் சூட்டைக் கூட்டத் திரையில் மூன்று இடத்தில் தொட வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் சரி. தனியாக ஓட்டுகிறவர் கொண்டை ஊசி வளைவில் திரையைத் தடவிக்கொண்டிருக்க முடியாது. ஒரு திருகு குமிழ் போதும், அதைக் கொடுக்க மனமில்லை. பெட்ரோல் காரில் எஞ்சின் வீணாக்கும் சூட்டிலேயே ஹீட்டர் ஓடிவிடும். இதில் சூட்டுக்கும் பேட்டரிதான் கூலி கொடுக்கிறது.

ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் சின்ன பம்ப்பும்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அவை உதவாது. தனியாகப் போகிறவருக்கு எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய குறை.

வரவு: நின்ற சரிவிலிருந்து அலட்டாமல் கிளம்புவது. உயரத்தால் குறையாத பலம். பிரேக்கைக் காப்பாற்றும் ரீஜென். கிளட்ச் மிதித்து வலிக்காத இடது கால்.

செலவு: மலையில் நம்ப முடியாத தூரக் கணக்கு. திரைக்குள் புதைந்த பொத்தான்கள். ஸ்டெப்னி இல்லாதது. சார்ஜருக்கு முன்னால் நிற்கும் அடுத்தவர் கார்.

தீர்ப்பு

கோவையிலிருந்து கூடலூர் வரை 136 கிலோமீட்டர். செலவு 59 சதவீதம், அதாவது 17.7 யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்த நாளுக்கு இது நல்ல கணக்கு. சமவெளியில் ஊருக்குள் ஓட்டவும் எப்போதாவது மலைக்குப் போகவும் கார் தேடுபவர்கள் இந்த ரகத்தைத் தயங்காமல் வாங்கலாம். சார்ஜர் இல்லாத மலைக்கிராமங்களுக்கு அடிக்கடி போகிறவர்கள் இன்னும் சில வருஷம் பொறுக்கலாம்.

வாங்கியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கிளம்பும் முன் போகும் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதோடு எத்தனை மீட்டர் உயரம் என்றும் பாருங்கள். 100 மீட்டருக்கு அரை யூனிட் என்று ஒதுக்கிவிடுங்கள். மலை மேல் சார்ஜ் போட்டால், காபி பாதியில் இருந்தாலும் சரி, 80 சதவீதத்தில் வந்து பிடுங்கிவிடுங்கள்.