ஆடுதலும் அடித்தலும்: மலையகக் காமன் கூத்தை முன்வைத்து

‘ஆடு’ என்னும் வினை தமிழில் மிக விரிந்த பொருட்பரப்பினை உடையது. கூத்து ஆடப்படுகிறது, பந்தும் சீட்டும் ஊஞ்சலும் ஆடப்படுகின்றன, சாமி வந்தவரும் ஆடுகிறார். இசைக் கருவியோ இவ்வினைக்குள் அடங்குவதில்லை. வீணையை வாசிக்கிறோம், குழலை ஊதுகிறோம், தப்பை அடிக்கிறோம். பேச்சு வழக்கில் மத்தளமும் அடிக்கப்படுவதே. எனினும் ‘வாசிப்பு’ என்னும் மதிப்பான சொல்லும் அதற்கு உண்டு. தப்புக்கு அது கிட்டவில்லை. இவ்வேறுபாடு சமூகத்தின் பாற்பட்டது என்பதைத் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்து நன்கு காட்டுகிறது.

மாசி அமாவாசையை அடுத்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படும். ஆடுவோர் காப்புக் கட்டி நோன்பிருப்பர். ரதியும் மதனும் லயங்கள் தோறும் ஆடி வருவர். ரதி வேடமும் ஆணுக்குரியதே. யமன், வீரபத்திரன், தூதன் முதலியோர் உடன் வர, பௌர்ணமியளவில் காமன் எரிக்கப்படுவான். மூன்றாம் நாள் உயிர்ப்பிக்கப்படுவான். ரதியின் புலம்பலின்போது பெண்கள் வாய்விட்டு அழுவர். அவர்கள் அழுவது மன்மதனுக்காக மட்டுமன்று என்றே நாம் கருதுகிறோம்.

ஒல்லாந்த அறிஞர் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடன்ஸ்’ என்னும் நூலில், விளையாட்டு சுயவிருப்பின் செயல், அன்றாட வாழ்விலிருந்து வேறாக நிற்பது என்றார். ரதல்லையிலும் டரவலையிலும் மட்டையும் பந்துமாய்ப் பொழுது போக்கிய வெள்ளைத் துரைமார்க்கு இவ்வரையறை வசதியாகவே பொருந்தும். பகலில் கவ்வாத்து வெட்டியவன் இரவில் சிவனாகவோ யமனாகவோ நிற்கும்போதும் அது ஓரளவு பொருந்துகிறது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்டு, துரைக்கும் கங்காணிக்கும் கீழ்ப்பட்டிருந்த மனிதன், யமனின் குரலில் தன் விருப்பப்படி அதட்டுவதற்குக் கிடைத்த களம் அது. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் தோட்ட வாழ்க்கையை அறியாதவரே.

ஆயின் தப்படிப்பவரின் நிலை என்ன? முன்னாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்பே. இழவு வீட்டில் ஒலித்ததும் அதுவே. வேலைக்கு ஏவிய கருவியே ஆட்டத்துக்கும் அடி கொடுத்தது. அதன் தாளமின்றி ரதி ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. இருந்தும், தப்படிப்பவருக்கு வேடமில்லை. பல இடங்களில் அவர் வந்து நின்றது சாதி விதித்த கடமையாகவே. ஏவலால் நிகழ்வது விளையாட்டாகாது என ஹொய்சிங்காவும் கூறுவார். அவ்வளவுகோலின்படி, ஒரே பொட்டலில் ஒருவர் ஆடுகிறார், மற்றவர் ஊழியம் செய்கிறார். தப்பொலியை மலையகத்தின் நாடித்துடிப்பு என்று எழுதிப் பழகிய நாம் (இத்தகைய கட்டுரைகளில் அதற்குக் குறைவில்லை) இதனைப் பெரும்பாலும் காணத் தவறிவிட்டோம்.

மட்டக்களப்புக் கூத்தினை இங்கு ஒப்புநோக்குதல் தகும். அங்கு மத்தளம் அண்ணாவியாரின் கையில் இருக்கிறது. தாளத்துக்குரியவரே கூத்தின் ஆசான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் அக்கூத்தினை மேடைக்குக் கொணர்ந்தபோது, அண்ணாவியாரின் மதிப்பும் உடன் வந்தது. காமன் கூத்தினை மேடையேற்றுவோர் ரதி மதனின் ஒப்பனையைக் கவனிக்குமளவுக்குத் தப்புக் கலைஞரின் இடத்தைக் கவனிப்பது அரிது.

தப்பெடுக்க இளைஞர் மறுக்கின்றனர், கலை அழிகிறது என்னும் கவலை அடிக்கடி எழுகிறது. இக்கவலையில் நாம் முழுமையாகப் பங்குகொள்ள இயலாது. தந்தைக்கு விதிக்கப்பட்டதை மகன் மறுப்பது கலைக்குச் செய்யும் துரோகமன்று. மறுக்கும் உரிமை இல்லாதிருந்த காலத்தில், அவன் தந்தை மனமுவந்து அடித்தாரா என்று கேட்டறிந்தவர் யார்? திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுப் பெண்கள் தாமாகவே தப்பினைக் கையிலெடுத்து, அடித்துக்கொண்டே ஆடுகின்றனர். அதற்குத் தப்பாட்டம் என்று பெயர். காமன் பொட்டலிலும் அவ்வாறு தப்பெடுக்க முன்வருவோருக்கு, அவர் எச்சாதியினராயினும், காப்புக் கட்ட அத்தோட்டத்தார் உடன்படுவரா என்பதே இன்று கேட்கவேண்டியது.