பந்தில்லாத நேரத்து ஜிடான்

2006 ஜூலை 9, பெர்லின். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரம். பந்து போன திசையில் கேமராவும் போய்விட்டது. திடீரென ஆட்டம் நிற்கிறது. இத்தாலியின் மாட்டெராசி புல்தரையில் கிடக்கிறார். பிரான்ஸ் கேப்டன் ஜினெடின் ஜிடான் அவர் மார்பில் தலையால் முட்டியதை ரீப்ளே வந்த பிறகுதான் உலகம் பார்த்தது. 110-வது நிமிடத்தில் சிவப்பு அட்டை. பெனால்டி ஷூட்-அவுட்டில் 5-3 என இத்தாலி கோப்பையை எடுத்துச் சென்றது.

விஸ்காம் முதலாண்டு எடிட்டிங் வகுப்பில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு, “இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய சம்பவத்தை நேரலை ஏன் தவறவிட்டது?” என்று ஆசிரியர் கேட்டார். பதில் எளிது. பந்து எங்கேயோ அங்கேதான் நேரலைக்குக் கதை. ஆனால் 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது மிஞ்சினால் மூன்று நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அவர் என்ன செய்கிறார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அதற்கு விடை சொல்லும் படம் ஒன்று இருக்கிறது. ‘ஜிடான்: எ ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி போர்ட்ரெய்ட்’. 2005 ஏப்ரல் 23 அன்று மாட்ரிட்டின் பெர்னபு மைதானத்தில் ரியல் மாட்ரிட்டும் வில்லரியலும் மோதின. கலைக் காட்சியகங்களில் இயங்கிவந்த டக்ளஸ் கார்டன், பிலிப் பரேனோ இருவரும் அன்று 17 கேமராக்களை வைத்து ஒரே ஒருவரைப் படம்பிடித்தார்கள். ஒளிப்பதிவு டேரியஸ் கோண்ட்ஜி.

முதல் முறை பார்த்தபோது பொறுமை போனது. 32 வயது ஜிடான் நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார். பூட்ஸின் நுனியைப் புல்லில் உரசுகிறார். வியர்வையைத் துடைக்கிறார். கையைத் தூக்கிப் பந்து கேட்கிறார், வருவதில்லை. மறுபடி நடை. மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் அந்த நடைக்குள் இருந்த வேலை பிடிபட்டது. நடக்கும்போதெல்லாம் அவர் கண் ஓடிக்கொண்டிருக்கிறது. தன்னைக் காவல் காப்பவர் எங்கே, இடைவெளி எங்கே திறக்கிறது என்று அளந்தபடியே இருக்கிறார். பிறகு இடது ஓரத்தில் பந்து கிடைக்கிறது. எதிரே நிற்பவர்களைக் கடந்து அவர் தூக்கிப் போட்ட பந்து சக வீரர் ரொனால்டோவின் கோலாகிறது. அந்த ஓட்டம் சில விநாடிதான். அதற்கான ஆட்டம் பல நிமிடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

கதைசொல்லலில் நாங்கள் முதலில் படிப்பது குலஷோவ் சோதனை. சலனமில்லாத ஒரே முகத்தை சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பசி தெரியும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கம் தெரியும். தொலைக்காட்சி தினமும் இதைத்தான் செய்கிறது. கோல் நழுவியதும் ஒரு குளோசப் காட்டும். நாம் உடனே அந்த முகத்தில் குற்றவுணர்வைப் படித்துவிட்டு, மறுநாள் ‘அழுத்தம் தாங்கவில்லை’ என்று எழுதுவோம். இந்தப் படம் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஷாட்டைத் தருவதில்லை. அதனால் ஜிடானின் முகத்துக்கு நம்மால் பொருள் ஒட்ட முடிவதில்லை. ஆட்டத்தின் பிற்பகுதியில் சக வீரர் ரொபெர்ட்டோ கார்லோஸ் ஏதோ சொல்ல, அவர் சிரிக்கிறார். சற்று நேரத்தில் ஒரு கைகலப்புக்குள் பாய்ந்து சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறார். இரண்டுக்கும் நடுவில் அந்த முகம் எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை. பெர்லினை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

சிறுவயதில் விளையாடும்போது ஜிடான் தன் ஆட்டத்துக்குத் தானே மனதுக்குள் வர்ணனை சொல்லிக்கொள்வாராம். படத்தில் திரையில் வரும் எழுத்துகளில் அவரே அதைச் சொல்கிறார். ஆட்டம் பிறகு துண்டு துண்டாகத்தான் நினைவில் நிற்கும் என்பதும் அவர் சொன்னதே. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து பழகிய எனக்கு இது புதிதல்ல. இந்தப் படத்தைப் பார்த்த பிறகு, கோலையும் உதவியையும் மட்டும் எண்ணி ஒரு நடுக்கள வீரருக்கு மதிப்பெண் போடும் அலசல்களில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. அவை ஆட்டத்தின் மூன்று நிமிடத்தை மட்டுமே பார்த்து எழுதப்பட்டவை.

சென்ற மாதம் வகுப்புப் பயிற்சிக்காக வியாசர்பாடியில் ஓர் உள்ளூர் ஆட்டத்தை ஒற்றைக் கேமராவில் எடுத்தேன். நடுக்களத்தில் ஆடிய ஒரு பையனை மட்டும் விடாமல் தொடர்ந்தேன். பந்து வருவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இரண்டு தோள்களுக்கு மேலும் திரும்பிப் பார்த்துக்கொண்டான். இரண்டாம் பாதியில் பந்தே இல்லாமல் வலப்பக்கம் பாய்ந்தான். தடுப்பாட்டக்காரர்கள் இருவர் பின்னாலேயே போனார்கள். மைதானம் கத்தியது. கேமராவைத் திருப்பச் சொல்லி நண்பன் தோளை உலுக்கினான். நான் திருப்பவில்லை. என் பதிவில் அந்த கோல் இல்லை. அந்தத் தடுப்பாட்டக்காரர்கள் விட்டுச் சென்ற இடத்தில் வேறொருவன் கோல் அடித்திருக்கிறான். இவன் ஓரத்தில் தனியாக நின்று இரண்டு முறை கைதட்டிவிட்டு, குனிந்து சாக்ஸை இழுத்து விட்டுக்கொண்டு, நடுக்களத்துக்கு நடக்கிறான்.