இடரும் உறவும்: ஒரு விமர்சன நோக்கு

நிச்சயமற்ற நிலையில் மனிதன் எவ்வாறு முடிவெடுக்கிறான் என்ற வினாவுக்குப் பொருளியல் நெடுங்காலம் தனிமனிதனின் கணக்கிடும் அறிவைக் கொண்டே விடை கூறி வந்தது. டெனியல் கானமனும் அமொஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாடு அவ்விடையைக் கேள்விக்குட்படுத்தியது. ஒரு தொகையைப் பெறும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழக்கும் வருத்தம் பெரிது என அவர்கள் காட்டினர். எனினும், அக்கோட்பாட்டின் மனிதனும் தனியனே. அவன் விழுந்தால் தாங்குவோர் யார் என்ற வினா அங்கு எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியோருள் கிறிஸ்டோபர் ஷீ, எல்கே வெபர் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1999இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், முதலீடு தொடர்பான தெரிவுகளில் சீனர் அமெரிக்கரைவிட அதிகம் துணிந்தனர். கல்வி, மருத்துவம் தொடர்பான தெரிவுகளில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. வியப்பு யாதெனில், அமெரிக்கரே துணிச்சல் மிக்கவர் என இரு நாட்டவரும் எதிர்பார்த்திருந்தனர். இதற்கு ஆய்வாளர்கள் கூறிய விளக்கம் 'மெத்தைக் கருதுகோள்' எனப்படுகிறது. பணத்தை இழந்தவனுக்கு உறவினர் கைகொடுக்கலாம். பரீட்சைப் புள்ளியையோ உடல்நலத்தையோ எவரும் கடனாகத் தர இயலாது.

இவ்விளக்கத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இரு விடயங்களில் அது போதாது எனக் கருதுகிறோம்.

முதலாவது, துணிவின் வேர் உறவுவட்டம் எனில், அதனைச் 'சீனரின் இயல்பு' என நிலைநிறுத்துவது பொருந்தாது. 1980 முதல் 2015 வரை நடைமுறையிலிருந்த ஒரு குழந்தைக் கொள்கையால் சகோதரரின்றி வளர்ந்தோர் சீன நகரங்களில் ஏராளம். உறவுவட்டம் சுருங்கிய அத்தலைமுறையும் முன்னோரைப் போலவே துணியும் என முன்கூட்டியே முடிவுகட்ட முடியாது.

இரண்டாவது, மெத்தை என்ற உவமையே ஓர் உண்மையை மறைக்கிறது. மெத்தைக்கு வலியில்லை, தாங்கும் உறவினருக்கு உண்டு. தம்பியின் இழப்பை ஈடுசெய்ய அக்காவின் சேமிப்புக் கரையலாம். எத்தனை பேர் உதவுவர் என எண்ணும் ஆய்வு, அவர்கள் இழப்பதையும் எண்ணுதல் வேண்டும்.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. துணியத் தயங்கும் வறியவனின் சிந்தனையில் பிழை உள்ளதெனக் கொண்டு அவனைத் திருத்த முனையும் திட்டங்கள், அவனுக்குப் பின்னால் எவரும் இல்லை என்பதைக் காணத் தவறலாம். அவனது தயக்கம் அறிவின் குறையாகவன்றி, தன் நிலையைச் சரியாகக் கணித்ததன் விளைவாகவும் இருக்கலாம். அவனுக்கு முதலில் தேவைப்படுவது அறிவுரையா, தாங்கும் கரமா என்பதே நம்முன் உள்ள வினா.