வண்டு தேடியவரின் நூல்

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் 1854-இல் சிங்கப்பூர் வந்து, எட்டாண்டுகள் இத்தீவுகளில் பூச்சியும் பறவையும் தேடித் திரிந்தார். அவ்வரலாறே 1869-இல் வெளிவந்த ‘மலாய்த் தீவுக்கூட்டம்’. புக்கிட் தீமா பக்கத்தில் இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகள் சேர்த்தவர் அவர்!

ஊரார் தம்மை ஐயுற்றதை அவர் ஒளிக்கவில்லை. ஆரு தீவினர், பதனிட்ட பறவைகள் பின்னர் உயிர்த்தெழும் என்றே முடிவுகட்டினராம்.

நம் உள்ளங்கவர்வது பச்சான் தீவுப் பகுதியே. இரு மாதமளவும் ஏங்கிய தழல்நிற வண்ணத்துப்பூச்சி 1859-இல் வலையில் அகப்பட்டதும், நெஞ்சு படபடத்து, மயக்கம் வருவதுபோலாகி, அன்று முழுதும் தலைவலித்ததாம். பலருக்கு இஃது அற்பக் காரணமாய்த் தோன்றும் என்றும் தாமே எழுதுகிறார். எழுதியபின் தம் களிப்பில் ஓர் அணுவும் குறைத்தாரில்லை. வேறு கற்றோராயின் நாணி, ‘அறிவியலின் பொருட்டு’ என்று போர்வை போர்த்தியிருப்பர். லயத்து விளக்கடியில் பூச்சி பார்க்கும் சிறுவனைப் ‘பைத்தியம்’ என்று ஏசும் பெரியோருக்கு இப்பகுதியையேனும் யாராவது படித்துக் காட்டலாம்.

குறையும் உண்டு. சரவாக்கில் தாய் ஒராங் ஊத்தானைச் சுட்டதையும், அதன் குட்டியை அன்புடன் வளர்த்ததையும் ஒரே குரலில் சொல்லிச் செல்கிறார். அங்கே அவரோடு உடன்செல்ல எமக்கு மனம் வரவில்லை.