அருமை என்னும் சொல்லும் பழைய இசைத்தட்டுகளும்

தமிழில் ‘அருமை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. எளிதில் கிடைக்காமை ஒன்று. உயர்ந்த மதிப்பு மற்றொன்று. “இந்த ஊரில் நல்ல தண்ணீர் கிடைப்பது அருமை” என்கிறோம். “அருமையான பாட்டு” என்றும் சொல்கிறோம். அன்றாடப் பேச்சில் இவ்விரு பொருளும் கலந்து நிற்பதால் தீங்கு ஏதும் நேர்வதில்லை. ஆனால் கலையை மதிப்பிடும் இடத்தில் இவற்றைப் பிரித்தறியத் தவறினால், கலைஞருக்குச் சேர வேண்டிய பெருமை பொருளுக்குச் சேர்ந்துவிடும். 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்காவில் வெளிவந்த ராக்கபிலி, சோல் இசைத்தட்டுகளை இன்று தேடிச் சேர்ப்போரின் உலகம் இதற்குத் தெளிவான சான்று. அவ்வுலகை இகழ்வது நம் நோக்கமன்று. அதன் நன்மையையும் குறையையும் ஒருசேர நிறுத்துப் பார்ப்பதே நோக்கம்.

இவ்விரு இசை வகைகளின் பிறப்பை முதலில் அறிதல் நலம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடலும் கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் 1950-களின் நடுவில் கலந்து பிறந்தது ராக்கபிலி. கறுப்பின மக்களின் ஆலயங்களில் வளர்ந்த கோஸ்பல் பாடல்முறை, ஆலயத்தைவிட்டு வெளியே வந்து, காதலையும் துயரையும் பாடத் தொடங்கியபோது உருவானது சோல். சோல் ஸ்டிரர்ஸ் என்னும் புகழ்பெற்ற கோஸ்பல் குழுவில் பாடிவந்த சாம் குக், 1957-இல் உலகியல் பாடல்களுக்கு மாறியபோது அவருடைய பழைய இரசிகர்களில் பலர் வருந்தினர். மறுதிசையில் சென்றவர்களும் உண்டு. அல் கிரீன் புகழின் உச்சியைத் தொட்டபின் 1976-இல் மெம்பிஸ் நகரில் ஓர் ஆலயத்தின் போதகரானார். ‘சோல்’ என்றால் ஆன்மா என்றே பொருள். பாடுபவர் கேட்க, சபை விடையளிக்கும் ஆலய மரபின் எதிரொலியை அந்த இசை கடைசிவரை கைவிடவில்லை.

இந்த இசை மக்களிடம் சென்றது ஏழு அங்குல அகலமுள்ள சிறு தட்டுகளின் வழியாக. அதற்கு முன் வழங்கிய 78 சுழற்சித் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அவ்வரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. நிமிடத்திற்கு 45 சுற்றுச் சுழலும் வினைல் தட்டை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949-இல் வெளியிட்டது. எடை குறைவு, விலை மலிவு, எளிதில் உடையாது என்பன அதன் சிறப்புகள். இசை வகைக்கு ஒரு நிறம் எனத் தட்டுகளுக்கே நிறமிட்டு அந்நிறுவனம் விற்றது. கறுப்பின மக்களின் இசைக்கெனப் பிரித்த செம்மஞ்சள் நிற வரிசையின் முதல் தட்டு, ஆர்தர் குருடப் 1946-இல் பாடிப் பதிவு செய்த ‘தட்ஸ் ஆல் ரைட்’.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1954 ஜூலையில், மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவு நிலையத்தில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் பத்தொன்பது வயது இளைஞர் அதே பாடலைப் பாடினார். ஒரு கிட்டார், அவருடைய தாளக் கிட்டார், நரம்பைச் சுண்டித் தட்டி வாசிக்கப்படும் பெரிய பாஸ் கருவி; முரசு கிடையாது. ஒலிப்பதிவு நாடா தரும் ஒரு சிறு எதிரொலியைச் சாம் பிலிப்ஸ் அதில் சேர்த்தார். சன் நிறுவனத்தின் 209-ஆம் எண் கொண்ட அத்தட்டின் ஒரு பக்கத்தில் கறுப்பினத்தவரான குருடப்பின் புளூஸ். மறு பக்கத்தில் வெள்ளையரான பில் மன்றோவின் நாட்டுப்புறப் பாடல். இரு இனத்தவரும் ஒரே உணவகத்தில் அருகருகே அமர்ந்து உண்ண இயலாத காலத்தில், ஒரே தட்டின் இரு பக்கங்களாக அவர்களுடைய இசை அமர்ந்தது. அந்தத் தட்டின் உண்மையான அருமை இதுவே என்று நாம் கருதுகிறோம். ஆனால் சந்தையில் அதன் விலையை முடிவு செய்வன வேறு: முதல் அச்சுதானா, எந்த ஆலையில் அச்சானது, மையத்தை அடுத்த வெற்று வளையத்தில் கீறப்பட்ட எண் எது, கீறல் எத்தனை, உறையின் நிலை என்ன? எல்விஸ் அதற்கு முந்திய ஆண்டில் சொந்தச் செலவில் சுமார் நான்கு டாலர் கொடுத்துப் பதிவு செய்துகொண்ட ஒரே ஒரு தட்டு 2015-இல் மூன்று இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பாடலின் மூலவரான குருடப்போ உழைப்பாளியாகவே வாழ்ந்து, தமக்குரிய உரிமைத் தொகையில் பெரும்பகுதியைக் காணாமலே 1974-இல் இறந்தார்.

சோல் இசைக்கு வருவோம். வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் 1960-களின் இறுதியில் ஒரு வியப்பான பற்று தோன்றியது. ஆலைகளிலும் பட்டறைகளிலும் வாரமெல்லாம் உழைத்த இளைஞர்கள், சனிக்கிழமை இரவு முழுவதும் அமெரிக்கச் சோல் இசைக்கு நடனமாடினர். அதுவும் புகழ்பெற்ற பாடல்களுக்கு அன்று. வெளிவந்த காலத்தில் எவரும் வாங்காமல் தோற்றுப்போன பாடல்களுக்கு! இதற்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயரிட்டவர் டேவ் காடின் என்னும் இதழாளர். மான்செஸ்டர் நகரின் டுவிஸ்டட் வீல் அரங்கில் வேர்விட்ட இப்பற்று, 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கேசினோ அரங்கில் உச்சத்தை எட்டியது. மதுவின்றி விடியும்வரை ஆடிய அந்தக் கூட்டம், டெட்ராய்ட், சிகாகோ நகரங்களின் சிறு நிறுவனங்கள் விற்க முடியாமல் கிடங்கில் எறிந்த தட்டுகளுக்கு இரண்டாம் வாழ்வு தந்தது.

இந்த இடத்தில் சேகரிப்பாளருக்கு உரிய நன்றியை நாம் தயங்காமல் செலுத்த வேண்டும். வெற்றி பெற்றவற்றை மட்டுமே வரலாறு நினைவில் வைக்கிறது. தோற்றவற்றைத் தேடிச் சென்றவர் இவர். பழைய கடைகளிலும் கிடங்குகளிலும் தூசியில் அமர்ந்து ஒவ்வொரு தட்டாகப் புரட்டிய அந்த உழைப்பு இல்லையேல், நூற்றுக்கணக்கான பாடகரின் குரல் அழிந்தே போயிருக்கும். இது மிகையன்று. ஹாலிவுட்டில் யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் 2008-இல் நேர்ந்த தீயில் மூல ஒலிநாடாக்கள் பல எரிந்துபோயின. அச்செய்தி 2019-இல்தான் பரவலாக வெளிவந்தது. இழப்பின் அளவைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டெனினும், மூலநாடா அழிந்தால் எஞ்சுவது அச்சிட்ட தட்டு மட்டுமே என்பது வெளிப்படை. அப்போது தனியொருவரின் அலமாரியே ஆவணக் காப்பகமாகிவிடுகிறது.

எனினும் அதே உலகில் மற்றொரு வழக்கமும் இருந்தது. அரிய தட்டு ஒன்றைக் கண்டெடுத்த டி.ஜே., போட்டியாளர் அதைத் தேடிப் பிடித்துவிடாதிருக்க, மைய லேபிளின்மேல் தாள் ஒட்டி மறைத்து, பாடகருக்கும் பாடலுக்கும் பொய்ப் பெயர் சூட்டி அரங்கில் ஒலிக்கவிடுவார். ஆயிரம் பேர் அப்பாடலுக்கு மெய்மறந்து ஆடுவர். பாடியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே உலகம் மறந்துபோன ஒருவருக்கு, கடைசியில் புகழ் வந்து சேரும் அந்த நேரத்தில், அவருடைய பெயரையே மறைத்துவிடுவது எத்தகைய கொடுமை! கண்டெடுத்தவர் நான் என்பதற்காகப் பாடியவர் இன்னார் என்பதை மறைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கண்டெடுத்தலில் உள்ள பெருமை பாடலில் உள்ள பெருமைக்குக் கடன்பட்டது என்பதை இவ்வழக்கம் மறந்தது.

இவ்வுலகின் மிக அரிய தட்டாகப் பேசப்படும் ஒன்றை எடுத்துக்கொண்டால் நாம் சொல்வது இன்னும் விளங்கும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் பாடல் எழுதி, பதிவுகளைத் தயாரித்துவந்த ஃபிராங்க் வில்சன், 1965-இல் ‘டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)’ என்னும் பாடலைத் தாமே பாடினார். வானொலி நிலையங்களுக்கான மாதிரிப் பிரதிகள் சுமார் 250 அச்சாயின என்பர். பாடகராவதா, தயாரிப்பாளராகவே தொடர்வதா என்ற கேள்வி எழுந்தபோது அவர் தயாரிப்புப் பணியைத் தேர்ந்தார் என்றும், அதனால் தட்டு வெளிவராமலே அழிக்கப்பட்டது என்றும் சொல்வர். நெடுங்காலம் இரண்டு பிரதிகளே எஞ்சியிருப்பதாக அறியப்பட்டது. விகன் கேசினோவில் அது ஒலித்தபோது, மேற்சொன்ன வழக்கப்படி, எட்டி ஃபாஸ்டர் என்னும் வேறொரு பாடகரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. பிரதி ஒன்று 2009-இல் 25,742 பவுனுக்கும், மற்றொன்று 2020-இல் ஒரு இலட்சம் பவுனுக்கும் விலைபோயின.

இப்பாடலை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? இரண்டரை நிமிட அளவில் ஓடும் பாடல் அது. தலைப்பே ஒரு வினாவும் அதன் விடையுமாக அமைந்திருக்கிறது: நேசிக்கிறேனா? ஆம், உண்மையாகவே நேசிக்கிறேன். ஆலயத்தில் ஒருவர் வினவப் பலர் விடையளிக்கும் மரபு, இங்கே ஒரே நெஞ்சுக்குள் நிகழ்கிறது. தாளம் சற்றும் தளராமல் விரைய, குரல் அதை எட்டிப் பிடிக்க முயல்வதுபோல் ஒலிக்கிறது. தேர்ந்த பாடகரின் மெருகு அதில் குறைவுதான். ஆனால் அந்த அவசரமே பாடலின் உண்மை. ஆகவே இது நல்ல பாடல். இரண்டு பிரதி இருந்தாலும் இரண்டு கோடிப் பிரதி இருந்தாலும் நல்ல பாடலே. 1979-இல் பிரித்தானியாவில் இது முறையாக மறுவெளியீடு பெற்றது. அன்று முதல் எவரும் சிறு தொகைக்கு வாங்கிக் கேட்கலாம். அப்படியாயின் ஒரு இலட்சம் பவுன் எதற்குக் கொடுக்கப்பட்டது? பாடலுக்கு அன்று; பிறரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் உண்டு என்னும் நிறைவுக்கே.

இதன் மறுபக்கத்தையும் காண்போம். மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஓட்டிஸ் ரெடிங், ‘டாக் ஆஃப் த பே’ பாடலைப் பதிவு செய்த சில நாள்களில், 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தார். அடுத்த மாதம் வெளியான அத்தட்டு பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. ஆதலால் இன்றும் அதன் பழைய பிரதி எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. சேகரிப்பாளரின் விலைப்பட்டியலில் அதற்குத் தாழ்ந்த இடமே. ஆனால் அதைவிட ஆழமான சோல் பாடல்கள் மிகச் சிலவே என்பதைக் கேட்டவர் அறிவர். மாறாக, பெருவிலை பெறும் அரிய தட்டுகளுள் சில, கேட்டவர் விரும்பாததனாலேயே அரியவை ஆனவை. எண்ணிக்கை குறைவதால் பாடல் வளர்வதும் இல்லை. பெருகுவதால் தேய்வதும் இல்லை.

இனி நீதியின் கேள்வி. ஓவியம் ஒன்று கலைச் சந்தையின் வழியாக மறுபடியும் விற்கப்படும்போது அதை வரைந்தவருக்குச் சிறு பங்கு தரும் சட்டம் 2006 முதல் பிரித்தானியாவில் உண்டு. இசைத்தட்டுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவிலோ, சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பாடலை ஒலிபரப்பும்போது எழுதியவருக்குத் தொகை தருகின்றனவே தவிர, பாடியவருக்குத் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஃபிராங்க் வில்சன் 1976-இல் மோட்டவுனைவிட்டு விலகி, பின்னர் கிறிஸ்தவப் போதகராகப் பணியாற்றி, 2012-இல் மறைந்தார். 2009-இல் தம் குரல் பதிந்த தட்டு பெருவிலைக்குப் போனபோது அவர் உயிருடன் இருந்தார். அவ்விற்பனையில் ஒரு பவுன்கூடக் கேட்க அவருக்குச் சட்டம் வழிவகுக்கவில்லை. வாங்கியவரும் விற்றவரும் குற்றவாளிகள் அல்லர். அவர்கள் சட்டத்தை மீறவில்லை. ஆயினும் உழைப்பின் கனி உழைத்தவரைத் தொடாமலே கைமாறிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பை ‘இசைப் பற்று’ என்று மட்டும் சொல்லி நாம் நிறைவடைய இயலுமா?

வழி இல்லாமல் இல்லை. பற்றுள்ள சேகரிப்பாளர்களே அதைக் காட்டியும் இருக்கின்றனர். இங்கிலாந்தின் ஏஸ் நிறுவனமும் அதன் கென்ட் பிரிவும், ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனமும், தேடிச் சேர்த்த அறிவைக் கொண்டு பழைய சோல், ராக்கபிலிப் பாடல்களைத் தொகுத்து மீண்டும் வெளியிட்டன. பாடியவர் யார், எங்கே பதிவாயிற்று, உடன் வாசித்தவர் யார் என்னும் விவரங்கள் விரிவான குறிப்பேடுகளாக அவற்றோடு வந்தன. லேபிளின்மேல் தாள் ஒட்டிப் பெயரை மறைத்ததற்கு நேர்மாறான செயல் இது. முதல் வகையினர் பாடலைத் தமதாக்கிக்கொண்டனர். இவர்கள் அதைப் பாடியவருக்கே திருப்பித் தந்தனர்.

ஆகவே ஒரு சேகரிப்பை மதிப்பிட விரும்புவோர் அதிலுள்ள தட்டுகளின் எண்ணிக்கையையும் விலையையும் விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதனால் பாடல் வெளியே வந்ததா, உள்ளே பூட்டப்பட்டதா? பாடியவரின் பெயர் துலங்கியதா, மறைந்ததா? அவருக்கோ அவர் குடும்பத்திற்கோ ஏதேனும் சேர்ந்ததா? ஆலயத்திலும் வயலிலும் பிறந்த இசை இது; கூடிப் பாடவும் கூடிக் கேட்கவும் உண்டானது. ஒருவர் மட்டும் வைத்திருப்பதால் அதற்குக் கிடைப்பது அரிதென்னும் பெயர். பலர் கேட்டு, பாடியவரை நன்றியோடு நினைக்கும்போது கிடைப்பதையே ‘அருமை’ என்னும் சொல்லின் இரண்டாம் பொருளாக நாம் கொள்கிறோம்.